மூன்று கேமரா, ஒரு முகூர்த்தம்: கல்யாண வீடியோவில் நிறம் சேர்ப்பது எப்படி

தாலி கட்டும் நேரம். மேடைக்கு நேர் எதிரே நின்ற சோனி கேமராவில் மணப்பெண்ணின் பட்டு நல்ல அரக்குச் சிவப்பு. பக்கவாட்டில் நின்ற கேனனுக்கு மாறியதும் அதே பட்டு லேசாக ரோஸ் ஆகிவிடுகிறது. உறவுக்காரப் பையன் ஐபோனில் எடுத்த ஷாட்டை நடுவில் போட்டால் ஐயரின் வேட்டி நீலம் பாய்ந்து நிற்கிறது. கெட்டிமேளம் ஒன்று, மேடை ஒன்று. பார்ப்பவருக்கு மட்டும் மூன்று வேறு கல்யாணங்கள் தெரிகின்றன.

இதைச் சரிசெய்வதற்குப் பெரிய கலைஞானம் எதுவும் வேண்டாம். எதை முதலில் தொடுவது, எதை அப்புறம் தொடுவது என்ற வரிசை தெரிந்தால் போதும். புதிதாக எடிட்டிங்குக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் வரிசையில்தான் தடுக்கி விழுகிறார்கள். முகம் மஞ்சளாக இருக்கிறதே என்று முதலில் நிறத்தைத் திருப்புவார்கள், அப்புறம் வெளிச்சத்தை ஏற்றுவார்கள், ஏற்றியதும் நிறம் மறுபடி மாறும், மறுபடி திருப்புவார்கள். விடிந்துவிடும்.

நான் டாவின்சி ரிசால்வில் வேலை செய்கிறேன். அதன் இலவசப் பதிப்பே இந்த வேலைக்குப் போதும். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கும் வரிசை இதேதான், பட்டன்களின் பெயர்தான் மாறும்.

மண்டபத்திலேயே பாதி வேலை

எடிட்டிங் மேசையில் 2 மணி நேரம் பிடிக்கும் வேலையை மண்டபத்தில் 5 நிமிடத்தில் முடித்துவிடலாம். எது வெள்ளை என்று கேமராவே தீர்மானிக்கும் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை எல்லாக் கேமராவிலும் அணைத்துவிடுங்கள். அது ஆன் ஆகவே இருந்தால், மஞ்சள் புடவை கட்டிய அத்தை கேமராவுக்கு முன்னால் கடந்து போகும்போதெல்லாம் பின்னணியின் நிறம் நகரும். ஷாட்டுக்கு நடுவிலேயே நகர்கிற நிறத்தைப் பிறகு சேர்ப்பது மிகவும் சிரமம்.

மூன்று கேமராவிலும் ஒரே கெல்வின் எண்ணை (விளக்கொளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) வைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. சோனியின் 4500 கெல்வினும் கேனனின் 4500 கெல்வினும் ஒரே நிறத்தைத் தராது. அதைவிட நல்ல வழி, மணமக்கள் உட்காரும் இடத்தில் ஒரு கிரே கார்டை, அதாவது நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டையைப் பிடித்து ஒவ்வொரு கேமராவிலும் கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுப்பது. அதே இடத்தில் 24 கட்டமுள்ள கலர் செக்கர் அட்டையையும் பிடித்து எல்லாக் கேமராவிலும் 10 நொடி பதிவு செய்துகொள்ளுங்கள். அட்டை மேடை விளக்கைப் பார்த்து இருக்க வேண்டும். பளபளப்பு விழக் கூடாது. முகூர்த்தத்துக்குக் கூடுதல் விளக்கு போட்டால் மறுபடி ஒருமுறை எடுங்கள். அட்டை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, அதற்கு வேறு வழி வைத்திருக்கிறேன், கீழே வரும்.

ஷட்டர் வேகம் நொடியில் 50-இல் அல்லது 100-இல் ஒரு பங்கு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் வேறு எண்ணில் சில விளக்குகள் படபடக்கும். ஒரு கேமராவில் மட்டும் படபடத்தால் என்னதான் நிறம் சேர்த்தாலும் அந்த ஷாட் தனியாகத் தெரியும்.

போன் இருந்தால் இன்னொரு விஷயம். ஐபோன் 12 முதல் வந்த மாடல்களில் எச்டிஆர் வீடியோ (கூடுதல் வெளிச்ச வீச்சோடு பதிவாகும் முறை) இருக்கிறது. அமைப்புகளில் கேமராவுக்குப் போய் அதை அணைக்கச் சொல்லுங்கள். முடிந்தால் பிளாக்மேஜிக் கேமரா செயலியைப் போட்டுக் கொடுங்கள். இலவசம்தான், அதில் ஒயிட் பேலன்ஸைப் பூட்டி வைக்கலாம்.

கண்ணை நம்பாதீர்கள்

நான் வேலை தொடங்கிய காலத்தில் ஒரு நிச்சயதார்த்தம் முழுவதையும் ஒரே இரவில் சரிசெய்தேன். அறையில் மஞ்சள் பல்பு எரிந்தது, லேப்டாப்பில் இரவு நேரத்துக்கான மஞ்சள் திரை தானாக ஆன் ஆகியிருந்தது. கவனிக்கவே இல்லை. மறுநாள் அவர்கள் வீட்டு டிவியில் போட்டபோது எல்லோருடைய முகமும் நீலம் தட்டியிருந்தது. அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை, படத்தை நிறுத்தச் சொன்னார். அன்றிலிருந்து ஸ்கோப், அதாவது நிறத்தையும் வெளிச்சத்தையும் அளந்து காட்டும் வரைபடம், இல்லாமல் ஒரு ஷாட்டையும் தொடுவதில்லை.

கண் பழகிவிடும் உறுப்பு. எந்த நிறத்தையும் 2 நிமிடம் தொடர்ந்து பார்த்தால் அதையே வெள்ளை என்று ஏற்றுக்கொள்ளும். ஸ்கோப் பழகாது. ரிசால்வின் கலர் பக்கத்தில் மூன்று ஸ்கோப்பைத் திறந்து வையுங்கள்.

வேவ்ஃபார்ம் வெளிச்சத்தைக் காட்டும். கீழே 0 என்றால் முழுக் கறுப்பு, மேலே 1023 என்றால் முழு வெள்ளை. படத்தின் இடப்பக்கம் இருப்பது இதிலும் இடப்பக்கமே இருக்கும்; ஆகவே எந்தப் புள்ளிக் கூட்டம் யாருடைய வேட்டி என்று கண்டுபிடிக்கலாம்.

பரேடு அதையே சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்றாகப் பிரித்துக் காட்டும். வெள்ளையான ஒரு பொருள் மூன்றிலும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். நீலம் மட்டும் உயரமாக நின்றால் அந்த வெள்ளையில் நீலம் ஏறியிருக்கிறது.

வெக்டர்ஸ்கோப் வட்டமானது. நடுவில் நிறமே இல்லை; விளிம்பை நோக்கிப் போகப் போக நிறம் அடர்த்தி. அதன் அமைப்பில் ஸ்கின் டோன் இண்டிகேட்டர் என்று ஒன்று உண்டு. அதை ஆன் செய்தால் சிவப்புக்கும் மஞ்சளுக்கும் இடையே ஒரு கோடு வரும். இந்தக் கோட்டைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, முகம் வரும்போது சொல்கிறேன்.

முதல் படி: எல்லாரையும் ஒரே தரைக்குக் கொண்டுவருவது

சோனியில் எஸ்-லாக் 3 வைத்து எடுத்திருப்பீர்கள், கேனனில் கேனன் லாக் 3, போன் சாதாரணமாக. லாக் என்பது, பிறகு திருத்த இடம் விட்டுப் படத்தை வெளிறலாகப் பதிவு செய்யும் முறை. இந்த மூன்றையும் நேரடியாக ஒப்பிடவே கூடாது. எஸ்-லாக் 3 நடுத்தரச் சாம்பலை 41 சதவீத உயரத்தில் எழுதி வைக்கிறது. கேனன் லாக் 3 அதையே சுமார் 34 சதவீதத்தில் எழுதுகிறது. ஒரே கிரே கார்டு, சரியான வெளிச்சம், ஆனாலும் வேவ்ஃபார்மில் இரண்டு உயரம். இது தெரியாமல் ஒன்றை ஏற்றி ஒன்றை இறக்கினால் இல்லாத தவறைத் திருத்துகிறீர்கள்.

அதனால் லாக் ஷாட்டில் கடைசி நோடாக (நோடு என்பது திருத்தங்களை அடுக்கும் ஒரு கட்டம்) கலர் ஸ்பேஸ் டிரான்ஸ்ஃபார்ம் என்ற எஃபெக்டைப் போடுங்கள். சோனிக்கு இன்புட் கலர் ஸ்பேஸ் எஸ்-காமட் 3 சினி, இன்புட் காமா எஸ்-லாக் 3. கேனனுக்கு கேனன் சினிமா காமட், கேனன் லாக் 3. கேனன் மெனுவில் கலர் ஸ்பேஸை வேறாக வைத்து எடுத்திருந்தால் இங்கேயும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும், எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இரண்டுக்கும் அவுட்புட் ரெக் 709, காமா 2.4. எச்டி தொலைக்காட்சிக்கான வழக்கமான அளவுகோல் இதுதான்.

எச்டிஆரில் பதிவான போன் ஷாட் வெளிறியோ கண் கூசும்படியோ தெரியும். அதற்கும் இதே எஃபெக்ட்: இன்புட்டில் ரெக் 2020, ரெக் 2100 எச்எல்ஜி. சாதாரணமாக எடுத்த போன் ஷாட் ஏற்கெனவே ரெக் 709-இல்தான் இருக்கிறது, அதை அப்படியே விடுங்கள்.

திருத்தங்கள் எல்லாம் இந்த எஃபெக்டுக்கு முந்தைய நோடுகளில் நடக்க வேண்டும். பின்னால் போட்டால், டிரான்ஸ்ஃபார்ம் ஒருமுறை சுருக்கிவிட்ட வெளிச்சத்தை மறுபடி இழுப்பதாக ஆகும். மாலையில் இருக்கும் மல்லிகைப் பூவின் இதழ் விவரம் முதலில் காணாமல் போகும்.

ஒவ்வொரு ஷாட்டாக இதைச் செய்ய வேண்டாம். ஒரு கேமராவின் ஷாட்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வலது கிளிக் செய்து ஒரு குரூப்பில் சேர்த்துவிடுங்கள். குரூப்புக்கான போஸ்ட்-கிளிப் பகுதியில் டிரான்ஸ்ஃபார்மை ஒருமுறை போட்டால் அந்தக் கேமராவின் எல்லா ஷாட்டுக்கும் போய்ச் சேரும். குரூப்புகளுக்கு சோனி, கேனன், போன் என்றே பெயர் வையுங்கள்.

இரண்டாம் படி: யாரை நோக்கி மற்றவர்கள் வருவது

ஒரு கேமராவைத் தலைவராக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு இணங்க வைக்க வேண்டும். இரண்டையும் நடுவில் சந்திக்க வைக்கலாம் என்று முயன்றால் முடிவே வராது. அதிக நேரம் முகத்தைக் காட்டும் கேமராவே தலைவர் என்பது பொது விதி.

ஆனால் ஒன்று. வளைகிற கம்பைத்தான் வளைக்க முடியும். 10 பிட் படத்தில் ஒவ்வொரு நிறத்துக்கும் 1024 படிகள் இருக்கின்றன. 8 பிட்டில் 256-தான். சாதாரண முறையில் எடுத்த 8 பிட் போன் வீடியோவை அதிகம் இழுத்தால் ரிசப்ஷன் மேடையின் பின்திரையில் வரி வரியாகப் பட்டை விழும். அதனால் போனில் இருந்து நிறைய ஷாட் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் சோனியின் தோற்றத்தைப் போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வையுங்கள். சோனிக்கு அந்த வளைவு தாங்கும்.

தலைவர் கேமராவில் நல்ல ஒரு ஷாட்டை முதலில் அழகாக முடித்து, வியூவரில் வலது கிளிக் செய்து கிராப் ஸ்டில் கொடுங்கள். இந்த ஸ்டில்தான் இனி உங்கள் அளவுகோல். வேறு ஷாட்டில் நின்றுகொண்டு ஸ்டில்லை இருமுறை தட்டினால் திரை பாதியாகப் பிரிந்து இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கன்ட்ரோலும் டபிள்யூவும் அந்தப் பிரிவை மறைக்கும், காட்டும். ஸ்கோப்பும் அதே மாதிரி பாதிப் பாதியாகப் பிரியும். இது ஒன்றே பெரிய உதவி.

மூன்றாம் படி: முதலில் வெளிச்சம், அப்புறம் வெள்ளை

நிறத்தைத் தொடாதீர்கள் இன்னும். வேவ்ஃபார்மைப் பார்த்து, கறுப்பு எங்கே, வெள்ளை எங்கே, முகம் எங்கே என்ற மூன்று உயரங்களை ஸ்டில்லுக்குப் பொருத்துங்கள். கறுப்புக்கு லிஃப்ட், வெள்ளைக்கு கெய்ன், முகத்துக்கு காமா. ஒன்றைத் தொட்டால் மற்றது சற்று நகரும், இரண்டு மூன்று சுற்று ஆகும். லாக் படத்தில் டிரான்ஸ்ஃபார்முக்கு முன்னால் வேலை செய்யும்போது மட்டும் முதலில் ஆஃப்செட்டைத் தொடுங்கள். லாக்கில் ஆஃப்செட் என்பது லென்ஸின் அப்பர்ச்சரைத் திறந்து மூடுவது போல நடந்துகொள்ளும்.

கறுப்புக்கு எதைப் பார்ப்பது? தலைமுடியின் நிழல் பக்கம் நல்ல இடம். ஹோமப் புகை இருக்கும் ஷாட்டில் மட்டும் எச்சரிக்கை. புகை கறுப்பை உண்மையிலேயே தூக்கி விடும். அதை 0 வரை இழுத்தால் புகையும் போகும், முகமும் அழுக்காகும். புகை இருக்கட்டும், அது கல்யாணத்தில் ஒரு பகுதி.

இப்போது வெள்ளை. அட்டை எடுத்திருந்தால் ரிசால்வின் கலர் மேட்ச் பகுதியில் 24 கட்டங்களின் மேல் வலையை வைத்து மேட்ச் அழுத்தலாம். அது தரும் முடிவைத் தொடக்கமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஷாட் மேட்ச் என்று இன்னொரு வசதியும் உண்டு. இரண்டு ஷாட்டிலும் ஏறக்குறைய ஒரே சட்டகம் இருந்தால் ஓரளவு உதவும், ஒன்று முகமும் மற்றது மேடை முழுவதும் என்றால் குழம்பும்.

அட்டை இல்லையா? கல்யாண மேடையிலேயே அட்டை இருக்கிறது. விபூதி. நெற்றியில் பூசிய விபூதி வெள்ளைக்கும் சாம்பலுக்கும் இடைப்பட்டது, சொந்த நிறம் ஏறக்குறைய இல்லை. கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்து அந்த இடத்தில் சிவப்பும் பச்சையும் நீலமும் ஒரே உயரத்தில் வரும்படி கெய்ன் சக்கரத்தை நகர்த்துங்கள். மெல்லிய பூச்சாக இருந்தால் தோலின் நிறம் கலந்திருக்கும், கனமான பட்டையாகப் பாருங்கள். அடுத்தது தவில்காரர், நாதஸ்வரக்காரர் வேட்டிகள். நன்றாக வெளுத்த பருத்தி வேட்டி லேசாக நீலம் காட்டும். துணிக்கு நீலம் போடுவதே அதற்காகத்தான். எனவே வேட்டியில் நீலம் ஒரு நூல் உயரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். மாப்பிள்ளையின் பட்டு வேட்டியை மட்டும் வெள்ளை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது சந்தன வெள்ளை. அதைச் சுத்த வெள்ளையாக்கினால் மேடையில் இருக்கும் எல்லோரும் நீலத்துக்குப் போய்விடுவார்கள்.

டெம்ப் (நீலம்-மஞ்சள் சாய்வு) சரியானபின் டின்டைப் (பச்சை-மெஜந்தா சாய்வு) பாருங்கள். மலிவான எல்இடி விளக்குகளில் பச்சை ஒளிந்திருக்கும். பரேடில் பச்சை மட்டும் நடுப்பகுதியில் உயர்ந்திருந்தால் அதுதான்.

நான்காம் படி: முகம்

பார்ப்பவர் கண் ஷாட் மாறியதும் முதலில் முகத்துக்குத்தான் போகும். முகம் சேர்ந்துவிட்டால் பின்னணியில் சின்ன வேறுபாடு யாருக்கும் தெரியாது. அதனால் நேரம் எவ்வளவு இருந்தாலும் முகத்தில் செலவிடுங்கள்.

கன்னத்தைச் சுற்றி ஒரு பவர் விண்டோ (படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் வடிவம்) போட்டு, ஷிஃப்டும் எச்சும் அழுத்தி ஹைலைட் ஆன் செய்யுங்கள். விண்டோவுக்கு வெளியே எல்லாம் சாம்பலாகிவிடும்; சாம்பலுக்கு வெக்டர்ஸ்கோப்பில் நடுப்புள்ளிதான் இடம். ஆக மீதி நீட்டிக்கொண்டிருப்பது தோல் மட்டும். அந்த நீட்டல் ஸ்கின் டோன் கோட்டின் மேலோ ஒட்டியோ இருக்கிறதா என்று பாருங்கள். கோட்டுக்கு மஞ்சள் பக்கம் போயிருந்தால் சற்றுச் சிவப்பைச் சேர்க்க வேண்டும், சிவப்புப் பக்கம் போயிருந்தால் எதிர்த்திசை. என் அனுபவத்தில் பழைய சோனி மாடல்கள் மஞ்சள் பச்சைப் பக்கமும் கேனன்கள் சிவப்புப் பக்கமும் சாயும்.

அந்தக் கோடு யாருடைய தோலுக்கும் பொது. கறுத்த தோலும் வெளுத்த தோலும் மாநிறமும் ஏறக்குறைய அதே கோட்டின் மேல்தான் விழும். மாறுவது வேவ்ஃபார்மில் தெரியும் உயரமும் நிறத்தின் அடர்த்தியும். நிறம் சேர்ப்பது என்றால் கோட்டுக்குக் கொண்டுவருவது. மாப்பிள்ளையின் முகத்தை மணப்பெண்ணின் மேக்கப் போட்ட முகத்தின் உயரத்துக்கு ஏற்றுவது நிறம் சேர்ப்பது அல்ல, அவரை வேறு ஆளாக்குவது. "கொஞ்சம் கலராக் காட்டுங்க" என்று வீட்டார் கேட்பார்கள். நான் செய்வதில்லை. சோனியில் மாப்பிள்ளையின் கன்னம் எந்த உயரத்தில் இருக்கிறதோ, கேனனிலும் அதே உயரம். கண்ணில் ஒளி இருக்கும்படி மிட்டோனில், அதாவது நடுத்தர வெளிச்சப் பகுதியில், கான்ட்ராஸ்ட் கொஞ்சம் கொடுத்தால் கறுத்த முகம் அவ்வளவு அழகாக நிற்கும். அதை அவர்களுக்குப் போட்டுக் காட்டினால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள்.

நலங்கு ஷாட்களில் கோட்டை மறந்துவிடுங்கள். முகத்தில் மஞ்சள் பூசியிருக்கிறது, மஞ்சளாகத்தான் தெரிய வேண்டும். அக்கினிக்கு முன்னால் குனிந்திருக்கும் முகத்தில் படும் செம்மையும் அப்படித்தான். அது உண்மையான ஒளி, மூன்று கேமராவிலும் ஒரே அளவில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

ஐந்தாம் படி: பட்டும் பொன்னும்

முகமும் வெள்ளையும் சேர்ந்த பிறகும் புடவை சேரவில்லை என்றால் அது சென்சாரின் வேலை. எல்இடி வெளிச்சத்தில் ஒவ்வொரு நிறுவனத்தின் சென்சாரும் சில சிவப்புகளை வேறு மாதிரி படிக்கும். ஹியூ வெர்சஸ் ஹியூ வளைவைத் திறந்து, புடவையின் மேல் ஒருமுறை சொடுக்கினால் அந்த நிறத்துக்கு மட்டும் மூன்று புள்ளிகள் விழும். நடுப்புள்ளியை மெதுவாக ஏற்றி இறக்கி ஸ்டில்லோடு பாருங்கள். தோலும் சிவப்புக்குப் பக்கத்திலேயே இருப்பதால் வளைவை அகலமாக விடாதீர்கள், உதடும் கன்னமும் கூட வந்துவிடும். நகைக்கு ஹியூ வெர்சஸ் சாச்சுரேஷன் போதும். ஒரு கேமராவில் பொன் எலுமிச்சை மஞ்சளாகக் குதித்தால் சற்றுக் குறையுங்கள்.

மயில் கழுத்து நிறப் பட்டு வந்தால் விட்டுவிடுங்கள். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறமாக நெய்தது அது. நேரே நின்ற கேமராவுக்கு நீலமும் பக்கத்தில் நின்றதற்குப் பச்சையும் உண்மையாகவே தெரியும். இதைத் தெரியாமல் ஒரு மணி நேரம் போராடியிருக்கிறேன். நெசவின் அழகே அந்த மாற்றம்தான்.

ரிசப்ஷன் மேடையின் நீல எல்இடி முகத்தில் விழுந்து திட்டுத் திட்டாக நின்றால், காமட் மேப்பிங் எஃபெக்டைப் போட்டு அடர்த்தியை அடக்கலாம். பதிவாகும்போதே நீலம் நிரம்பி வழிந்திருந்தால் முழுதாக மீட்க முடியாது. அந்த ஷாட்டைக் குறைவாகப் பயன்படுத்துங்கள்.

மற்ற ஷாட்களுக்குப் பரப்புவது

ஒரு கேமராவில் ஒரு ஷாட் சரியானதும், அதே வெளிச்சத்தில் எடுத்த மற்ற ஷாட்களைத் தேர்ந்தெடுத்து, சரிசெய்த ஷாட்டின் சிறுபடத்தை மவுஸின் நடுப்பட்டனால் சொடுக்குங்கள். திருத்தம் அப்படியே போய்விடும். அதிகாலை காசியாத்திரை, முகூர்த்தம், மாலை ரிசப்ஷன் என மூன்றும் மூன்று வெளிச்சம். ஒன்றின் திருத்தத்தை இன்னொன்றுக்கு ஒட்டாதீர்கள்.

சினிமா மாதிரி ஒரு சாயல் வேண்டுமென்றால் எல்லாம் சேர்ந்த பிறகு, டைம்லைன் முழுவதற்கும் ஒரே இடத்தில் போடுங்கள். சேராத ஷாட்களின் மேல் லட் (தயாராகக் கிடைக்கும் நிறச் சாயல் கோப்பு) போட்டால் வேறுபாடு இன்னும் பெரிதாகும்.

எல்லாம் முடிந்ததும் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். மறுநாள் பகலில் லைட்பாக்ஸைத் திறந்தால் மொத்தக் கல்யாணமும் சின்னச் சின்னப் படங்களாகத் திரையில் பரவும். சேராத ஷாட் கூட்டத்தில் தனியாக நிற்கும், ஸ்கோப் கூட வேண்டாம். அவற்றைத் திருத்திய பிறகு 3 நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து ஒரு டிவியிலும் இரண்டு போனிலும் போட்டுப் பாருங்கள். டிவி விவிட் முறையில் இருந்தால் சினிமா முறைக்கு மாற்றிப் பாருங்கள். விவிட்டில் எந்தச் சிவப்பும் எரியும். மூன்று திரையிலும் வெட்டு வரும் இடத்தில் முகம் குதிக்காமல் இருந்தால் முழுப் படத்தையும் எக்ஸ்போர்ட் போடலாம்.